அண்டங்காக்கை வரட்டும்

மொக்கம்மாள் காக்கையைக் கழுத்தில்தான் பார்க்கிறாள். ஏலக்காய்க் கடை ஓட்டின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்ததும் முறத்தை அப்படியே நிறுத்திக் கண்ணைச் சுருக்குகிறாள். சாம்பல் கழுத்து. "ஊர்க்காக்கா" என்று மறுபடி புடைக்கிறாள்.

போடியில் ஏலக்காய் பொறுக்குவது அவள் பிழைப்பு. பச்சை, வெளுத்தது, வெடித்தது எல்லாம் தனித்தனி. பேசிக்கொண்டே பொறுக்குவாள், விரல் பிசகாது. ஆனால் ஏலம் போட்ட காப்பியைத் தொடமாட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன், இப்போது கேரளமாகிவிட்ட மலையில் எஸ்டேட் வேலைக்குப் போனான் அவள் புருஷன் காசிமாயன். விறகுக்குக் காட்டுக்குள் நுழைந்தவன் திரும்பவில்லை. தேடியவர்கள் துண்டை மட்டும் கொண்டுவந்தார்கள்.

செத்துவிட்டான், கருமாதி முடிக்க வேண்டும் என்கிறான் தம்பி கண்ணுச்சாமி. அவனுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அண்ணனுக்குச் செய்யாத குறைதான் என்று பயம். அமாவாசைதோறும் அவள் வாசலில் இலை போட்டுச் சோறு வைக்கிறான். ஊர்க்காக்கைகள் கூட்டமாக வந்து தின்கின்றன.

"எடுத்துருச்சு பாத்தியா மதினி. அண்ணன்தான். இன்னமும் தாலி எதுக்கு?"

"இதுக பஸ்டாண்டுல வடை திங்கிற காக்கா அப்பு. ஒங்கண்ணன் காட்டுக்குள்ள போன மனுசன். செத்திருந்தா அண்டங்காக்காயாத்தான் வருவாரு."

மலையில் கிடப்பது அண்டங்காக்கை. உடம்பெல்லாம் ஒரே கறுப்பு, உருவில் பெரிது, தடித்த அலகு, தொண்டை கட்டிய குரல். ஊருக்குள் அபூர்வமாகத்தான் இறங்கும்.

"காக்காயவும் தரம் பிரிக்கிறாளே, ஏலக்கா கணக்கா!" என்று சிரிப்பாள் பக்கத்து வீட்டுக் கிழவி.

"சிரிங்க ஆத்தா. அண்டங்காக்கா வந்து ஒரு கொத்து கொத்தட்டும், நானே தாலிய அவுத்துக் குடுத்துர்றேன்."

தெருவறியச் சொன்ன வார்த்தை. கண்ணுச்சாமி அதைப் பிடித்துக்கொண்டான்.

போன தை அமாவாசைக்கு, அதே தெருவில் குடியிருக்கும் நானும் அந்த வாசலில் நின்றேன். சோற்றை வைத்துவிட்டுக் கண்ணுச்சாமி தண்ணீர் எடுக்க உள்ளே போனான். இலையைச் சுற்றியிருந்த ஊர்க்காக்கைகள் திடீரென்று விலகின. ஓட்டு விளிம்பில் ஒன்று தனியாக வந்து உட்கார்ந்தது. கழுத்தும் கறுப்பு. கனத்த குரலில் ஒரு தரம் கரைந்துவிட்டு, இலைக்கு ஒரு முழத்தில் இறங்கியது.

மொக்கம்மாள் அதன் கழுத்தையே பார்த்தாள். பிறகு சட்டென்று குந்தி, இலையைத் தன் பக்கம் இழுத்து, படைத்த சோற்றை இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தன் வாயில் திணித்துக்கொண்டாள்.