தலையாட்டும் வேன்காரர்

மலைமேல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டெதிரே, உள்ளேயே படுக்கை வைத்த பழைய கேம்பர் வேனை நிறுத்திவிட்டு, காலையிலிருந்து அதன் பின்பக்க எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் அவர். ஒல்லியான ஆள், தலையில் மங்கி குல்லா. யார் எது சொன்னாலும் முடிப்பதற்குள் தலையாட்டிவிடுவார்.

ஓட்டை சைலன்சரை மாற்றினார். எஞ்சினுக்கு மேலிருந்த படுக்கைப் பலகையின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பை ஒட்டினார்.

"எஞ்சினையே கம்பளி போட்டு மூடிட்டா சத்தமே வராதே?" என்றேன்.

அதற்கும் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "இதுக்குத் தண்ணி கெடையாது, காத்துலதாங்க குளுரும். பொத்துனா வெந்துபோகும்."

"எதுக்கு இவ்வளவு பாடு?"

"மலை ஏறி முடிக்கிற வரைக்கும் வீட்டுக்காரம்மா பின்னாடி பேசிக்கிட்டே வருது. ஒண்ணும் கேக்காது. சரி சரின்னு தலையாட்டிருவேன். எதுக்கெல்லாம் சரின்னு சொன்னேனோ, பயமா கெடக்குங்க."

மனைவியை ஏற்றிக்கொண்டு ஊர் ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்தார். வெளியே நின்ற எனக்குச் சத்தம் பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை.

"உள்ள கேட்டுச்சா?"

"தெளிவா கேட்டுச்சுங்க. இந்த வேனை வித்துரலாம்னு போன வருஷமே நான் சரின்னுட்டேனாம்."

விற்றாரா என்று தெரியாது. இப்போதும் ஏற்றத்தில் பழைய வேன் ஏதாவது திணறினால் ஜன்னலுக்கு ஓடுகிறேன், ஓட்டுகிறவர் தலையாட்டுகிறாரா என்று பார்க்க.