கடைசி சைக்கிள்

டீச்சருடைய சைக்கிளில் சீட்டுக்கு அடியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருந்தது. விட்டுவிட்டு எரியும். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் காளவாசலில் கிளம்பித் தேனி ரோட்டில் மேற்கே போகும்போது, எனக்கு முன்னால் தெரிவது அது ஒன்றுதான். மற்றவர்கள் விராட்டிபத்துத் தாண்டுவதற்குள் கண்ணுக்கு மறைந்திருப்பார்கள். அந்த விளக்கு ஒருதரம் அணைந்து மறுபடி எரிவதற்குள் என் மனசு எங்கெல்லாமோ போய்விட்டு வரும். பள்ளத்தில் இறக்கிவிட்டாரோ, நாய் எதுவும் குறுக்கே வந்துவிட்டதோ, லாரிக்காரன் அவரைப் பார்த்தானோ இல்லையோ. திரும்ப எரியும். அப்பாடா என்று ஒரு மிதி மிதிப்பேன். அதற்குள் மறுபடி அணைந்துவிடும்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். காளவாசல் பக்கம் ஒரு டூ வீலர் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். சிறுவயதிலிருந்தே எனக்குப் பயம் ஜாஸ்தி. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். சர்க்கரை வந்ததும், சைக்கிள் மிதித்தால் குறையும் என்று சொல்லி என்னை இந்தக் குழுவில் சேர்த்துவிட்டவர் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு பேங்க் அதிகாரி. குழுவில் எல்லாரும் அவரைக் கேப்டன் என்பார்கள். டாக்டர், இன்ஜினியர், வக்கீல் என்று பெரிய படிப்புக்காரர்களாக இருந்த இடத்தில் எனக்கு நிற்கவே கூச்சமாக இருந்தது. வாட்ஸ்அப்பில் இங்கிலீஷில் வருவதை எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் அடுத்தது வந்து விழும். கேப்டன்தான் என்னைக் கடைசி ஆளாக்கினார். கடைசி ஆள் என்றால், குழுவிலேயே மெதுவாக வருகிறவருக்கும் பின்னால் வர வேண்டும். யாரையும் முந்தக் கூடாது, யாரையும் விட்டுவிட்டு வரக் கூடாது. "பயப்படுற ஆளுதாண்ணே கடைசில வரணும். தைரியசாலி பாதியில விட்டுட்டு வந்துருவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது மரியாதையாகத்தான் பட்டது.

மெதுவாக வருகிறவர் டீச்சர். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கெமிஸ்ட்ரி எடுத்தார். ஐம்பத்தைந்தைத் தொடுகிற வயசு. மகள் காலேஜுக்கு ஓட்டிய பழைய லேடீஸ் சைக்கிளில், முன்னால் கம்பிக் கூடையோடு வருவார். அந்தக் கூடையை வைத்தே அவரைக் கேலி செய்வார்கள். டீச்சர் சந்தைக்கு வந்திருக்காங்க, டீச்சர் எல்லா மரத்துக்கும் அட்டெண்டன்ஸ் எடுத்துட்டுத்தான் வருவாங்க என்று. அவரும் சேர்ந்து சிரிப்பார். கூடையில் துண்டு போட்டு மூடிய ஒரு பை எப்போதும் இருக்கும். தண்ணீர் பாட்டில் என்று நினைத்திருந்தேன்.

அவர் சேர்ந்த இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, நாகமலை புதுக்கோட்டை தாண்டி, யுனிவர்சிட்டி வருவதற்கு முன்னால் ஒரு பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குப் பக்கத்தில் காலை ஊன்றினார். "தம்பி, நீங்க முன்னால போங்க. நான் மூச்சு வாங்கிட்டு வந்துர்றேன்" என்றார். நான் போகவில்லை. கடைசி ஆள் போகக் கூடாது, டீச்சர் என்றேன். இன்னொரு தடவை சொன்னார். நான் அதையே திருப்பிச் சொன்னேன். என்னை எப்படி விரட்டுவது என்று தெரியாமல் அவர் ரோட்டைப் பார்த்தார், நிழற்குடையைப் பார்த்தார். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் எழுந்து வந்துவிட்டாள். நிழற்குடை டியூப்லைட் வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்தது. டீச்சருக்கு அதே மூக்கு.

அப்புறம் டீச்சரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மகள் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். பையன் ஏதோ காலேஜில் லேப் வேலை பார்க்கிறான், அந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கிறார்கள். டீச்சரின் வீட்டுக்காரர், நான் சார் என்றுதான் சொல்வேன், அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயரானவர். சர்ச் சபையில் முக்கியமான ஆள். மகள் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை, கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாராம். "அவர் திட்டிருந்தா நான் மீறிருப்பேன் தம்பி. கும்பிட்டுட்டாரு" என்றார் டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் கொண்டு விடுவார், கூப்பிட வருவார். ஆராதனைக்குச் சேர்ந்து போவார்கள். தனியாக வெளியே போக டீச்சருக்கு இருந்த ஒரே வழி, மூட்டு வலிக்கு டாக்டர் சொன்ன இந்தச் சைக்கிள்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். நிழற்குடைக்கு முன்னால் விளக்கு நிற்கும். நான் கொஞ்சம் தள்ளி, புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். துண்டுக்கு அடியிலிருந்து பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், மாத்திரை அட்டை எல்லாம் இறங்கும். மகள் மாசமாக இருந்தாள். ஒருநாள் டீச்சர் சைக்கிள் கிளவுஸைக் கழற்றாமலே அவள் வயிற்றில் கையை வைத்துவிட்டார். பிறகு நினைவு வந்து, அவசரமாக அதைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறுங்கையை வைத்தார். நான் பார்க்கக் கூடாது என்றுதான் திரும்பி நின்றேன். ஆனாலும் பார்த்துவிட்டேன். அந்த நேரத்திலும் எனக்குப் பயம்தான். சபைக்காரர்கள் யாராவது அந்த வழியாக வந்துவிட்டால்? செக்கானூரணிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் கேப்டன் எல்லாரையும் நிறுத்திப் போட்டோ எடுப்பார். அது உடனே குழுவில் வந்துவிடும். டீச்சர் வீட்டில் வைத்துவிட்டு வருகிற இன்னொரு போனில் சார் அதைப் பார்ப்பார். போட்டோவில் டீச்சர் இல்லாமல் போனால்?

அதனால் அங்கிருந்து கிளம்பியதும் எதிர்காற்றில் மூச்சிரைக்க மிதித்துப் போய்ச் சேருவோம். ஏன் லேட் என்று கேப்டன் கேட்டால், செயின் கழண்டுருச்சு என்பார் டீச்சர். நான் தலையாட்டுவேன். கெமிஸ்ட்ரி டீச்சருக்கு வேறு காரணம் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வாராவாரம் செயின்தான். கேப்டன் அதையும் விளையாட்டாகக் குழுவில் போடுவார், இன்றும் டீச்சர் செயின் கழன்றது என்று. அதை வீட்டில் ஒருவர் கவலையோடு வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

சார் முதலில் செயினுக்கு எண்ணெய் விட்டார். அப்புறம் கடைக்குக் கொண்டுபோய்ப் புதுச் செயினே மாட்டிக் கொடுத்தார். அதுவும் கழன்றது என்றதும், இருட்டில் பெஞ்சாதியைத் தனியாக அனுப்ப மனம் ஒப்பாமல் தனக்கும் ஒரு சைக்கிள் வாங்கிவிட்டார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கேப்டன் குழுவில் அவரை வரவேற்றுப் பூமாலைப் படம் போட்டிருந்தார். கடையில் ஆட்கள் நிற்கிறார்கள், எனக்குக் கை ஓடவில்லை. டீச்சருக்குப் போன் செய்ய முடியாது, பக்கத்தில் அவர் இருப்பார். மகளின் நம்பர் என்னிடம் இல்லை. போய்ச் சொல்லிவிடலாம் என்றால் அவள் வீடு எந்தத் தெரு என்று தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நிழற்குடை மட்டும்தான். மழை பெய்ய வேண்டும் என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டேன். மானத்தில் பொட்டு மேகம் இல்லை.

ஞாயிறு அவர்கள் வருவதற்கே நேரமாகிவிட்டது. சாருக்குச் சாக்ஸ் கிடைக்கவில்லையாம். இருட்டோடு கடந்துவிடுகிற இடத்துக்கு, நாங்கள் போய்ச் சேரும்போது நன்றாக விடிந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் சூரியன் ஏறி, எங்கள் நிழல்கள் எங்களுக்கு முன்னால் நீளமாக ஓடிக்கொண்டிருந்தன. இப்போது மெதுவாக வருகிறவர் சார். நான் அவருக்குப் பின்னால். மூச்சு வாங்கிக்கொண்டே பேசிக்கொண்டு வந்தார். வலது பக்கம் நாகமலையைக் காட்டி, சின்ன வயசில் ஏறியிருக்கிறேன் என்றார். "இவ செயின் வாராவாரம் கழலுதுன்னா ரோட்டுலதான் ஏதோ கோளாறு இருக்கணும். நீங்க கூட வர்றீங்கன்னு சொல்லுவா. அதுல எனக்கு ஒரு நிம்மதி தம்பி." இப்படி ஒரு மனிதர் பேசிக்கொண்டு வந்தால் பின்னால் வருகிறவன் என்ன செய்ய முடியும்? அவர் சைக்கிள் பஞ்சராகட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டேன். புது டயர்.

டீச்சர் அன்றைக்கு ஒருநாள்தான் வேகமாகப் போய்ப் பார்த்தேன். சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். முன்னால் போய் மகளை உள்ளே அனுப்பிவிட நினைத்தார் என்று எனக்குப் புரிந்தது. தூரத்தில் நிழற்குடை தெரிந்தது. அம்மா இவ்வளவு வேகமாக வருவதைப் பார்த்த சந்தோஷத்தில் மகள் ரோட்டு ஓரத்துக்கே வந்துவிட்டாள். டீச்சர் ஒரு கையை எடுத்துப் போ, போ என்று அசைத்தார். அவள் பதிலுக்குக் கையை ஆட்டினாள். டீச்சர் நிற்காமல் அவளைத் தாண்டிப் போனார். ஆட்டிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அப்புறம்தான் அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

சார் பேச்சை நிறுத்தினார். மிதிப்பதையும் நிறுத்தினார். சைக்கிள் தானாக உருண்டு அவளைக் கடந்தது. பக்கவாட்டில் கூடத் திரும்பவில்லை. "அப்பா" என்றாள். சத்தமாகக் கூப்பிடவில்லை, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவது போலத்தான். கொஞ்ச தூரம் உருண்டு போய்ச் சைக்கிள் நின்றது. அவர் இறங்கிக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"செயின் கழண்டுருச்சு போல தம்பி."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். செயின் அது பாட்டுக்கு இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடக்கூட இல்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள். டீச்சர் எவ்வளவு தூரம் போனார் என்று தெரியவில்லை. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சார் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன மாசம்?"

"ஏழு முடியப் போகுது சார்."

எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. "ரோட்டோரமா நிக்க வேணாம்னு சொல்லுங்க. வண்டி வர்ற எடம்" என்றார்.

நான் எழுந்து நடந்து போனேன். கடைசி ஆள் விட்டுவிட்டுப் போகக் கூடாதுதான். அன்றைக்குப் போனேன். அந்தப் பிள்ளை கையில் ஒரு டிபன் பாக்ஸோடு நின்றாள். அப்பா ரோட்டோரம் நிற்க வேண்டாமென்று சொல்லச் சொன்னார் என்றேன். அவள் என் வாயையே பார்த்தாள், இன்னும் வரும் என்பது போல. "அம்புட்டுத்தான் சொன்னாங்களாண்ணே?" என்றாள். அதற்கு மேல் ஏதாவது ஒரு நல்ல வார்த்தையைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பேச்சுச் சாமர்த்தியம் இருப்பவன் சொல்லியிருப்பான். எனக்கு வரவில்லை. ஆமாம்மா என்றேன். திரும்பிப் பார்த்தால் சார் சைக்கிளில் ஏறி வெகுதூரம் போயிருந்தார்.

டீக்கடையில் எல்லாரும் காத்திருந்தார்கள். சாருக்குச் செயின் கழன்றுவிட்டது என்று நான்தான் சொன்னேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார், சாரின் முகத்தைப் பார்த்தார். டீச்சரோட வியாதி சாருக்கும் ஒட்டிக்கிருச்சு என்று கேப்டன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். பிறகு போட்டோவுக்கு நின்றோம். புருஷனும் பெஞ்சாதியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். திரும்பி வரும்போது வெயில் முகத்தில் அடித்தது. இரண்டு பேரும் எனக்கு முன்னால், ஒருவர் பின் ஒருவராக மிதித்தார்கள். நிழற்குடையில் அப்போது யாரும் இல்லை.

அதற்கடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. குழுவிலிருந்து விலகிவிட்டதாகப் போனில் காட்டியது. கேப்டன் ஒருதரம் விசாரித்ததற்கு மூட்டு வலி என்று பதில் வந்ததாம். எனக்கு டீச்சர் வீடு தெரியும். கேட்டுக்குப் பக்கம் வரை இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். மணியடித்து என்ன கேட்பது? கேட்டால் டீச்சருக்கு நல்லதா கெட்டதா? சார் அன்றைக்கு அதட்டியிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும், கோபத்தில் உள்ளே போயிருப்பேன். வண்டி வர்ற எடம் என்று சொன்ன குரல் காதில் நிற்கிறது. மகள் கெட்டுப் போகட்டும் என்று நினைக்கிறவர் அப்படிச் சொல்ல மாட்டார். ஆனாலும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே மனிதரிடம் எப்படிச் சேர்த்து வைப்பது என்று, கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். என் மூளைக்கு அது எட்டவில்லை.

குழு இன்னும் ஞாயிறுதோறும் போகிறது. புதுசாக ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள், வேகமாக மிதிக்கிறார்கள். நான் இன்னும் கடைசியில்தான். அந்த நிழற்குடைக்கு அவள் இப்போதும் வருகிறாள். இடுப்பில் பிள்ளை. ரோட்டு ஓரத்துக்கு வருவதில்லை, உள்ளே தள்ளித்தான் நிற்கிறாள். முதல் சைக்கிள் தெரிந்ததும் பிள்ளையைக் கொஞ்சம் உயரத் தூக்கிக்கொள்கிறாள். ஒவ்வொரு ஹெல்மெட்டுக்கு அடியிலும் முகத்தைத் தேடுகிறாள். ஒவ்வொருவராகப் போகப் போகக் கை தாழ்ந்துகொண்டே வரும். என்னைப் பார்த்ததும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறாள். எனக்குப் பின்னால் யாரும் வர மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.