மரத்தின் மேல் அடித்த வெளிச்சம்

தம்பிதுரை கருமத்தம்பட்டிக்காரர். வீட்டில் எல்லோரும் தறிக்குப் போக, அவர் மட்டும் லாரிக்குக் கிளீனராகப் போனார். தறிச் சத்தம் காதுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பார். லாரிச் சத்தம் மட்டும் எப்படி ஒத்துக்கொண்டது என்று நான் கேட்டதில்லை. பிறகு பீளமேட்டில் வரதராஜுலு அவர்களின் மில்லுக்குப் பஞ்சு லாரி ஓட்டி, அங்கிருந்து பங்களாவுக்குக் கார் ஓட்ட வந்தார்.

நான் அந்த வீட்டுக்கு நோயாளியைக் கவனிக்கப் போனது தொண்ணூற்றைந்தில். மில் அதற்கு முன்பே மூடிவிட்டது. முதலாளிக்கு வலது பக்கம் விழுந்து, பேச்சும் பாதி போயிருந்தது. மற்ற கார்களை விற்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தது, அவர் நன்றாக இருந்த காலத்தில் ஆசைப்பட்டு வரவழைத்த சிவப்பு ஜப்பான் கார் ஒன்றுதான். தரையோடு படுத்தாற்போல் இருக்கும், இரண்டே கதவு. பக்கவாதக்காரரை உட்கார வைக்க அதைவிட மோசமான வண்டியை நான் பார்த்ததில்லை. முதலில் இடுப்பை இறக்கி, தலை இடிக்காமல் பிடித்து, கடைசியில் காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். அது முடிந்ததும் நான் பின்னால் ஊர்ந்து போய், முழங்காலை மோவாயில் முட்டிக்கொண்டு உட்காருவேன்.

அந்த வண்டிக்கு முன்விளக்கு வெளியே தெரியாது. பானெட்டுக்குள் மூடிக் கிடக்கும். சுவிட்சைத் தட்டினால் இரண்டு பக்கமும் மூடி எழும்பி விளக்கு மேலே வரும். முதலாளியின் மனைவி ரங்கநாயகி அம்மா உள்ளே சாமிக்கு விளக்கு வைக்கும் நேரத்தில், தம்பிதுரை போர்டிகோவில் வண்டி விளக்கை எழுப்பிக் காட்டி மறுபடி மூடுவார். வண்டி வெளியே போகாத நாளிலும் இது உண்டு. அதைப் பார்த்த பிறகுதான் முதலாளி வாயைத் திறந்து கஞ்சி வாங்குவார். அதனால் எனக்கும் அந்த விளக்கு வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு வண்டியை விற்றுவிட எண்ணம். வண்டி போனால் டிரைவர் எதற்கு? கருமத்தம்பட்டியில் மகன் தறி ஷெட்டுக்குள் ஒரு ஓரமாகக் கட்டில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தான். எந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடினாரோ அதன் பக்கத்திலேயே படுக்க வேண்டும். தம்பிதுரை அதைப் பற்றிப் பேச மாட்டார். வண்டியை மட்டும் காலையும் மாலையும் துடைப்பார்.

ஒரு நாள் மாலை இடது பக்க மூடி எழும்பி, வலது பக்கம் எழும்பவில்லை. சாமுவேல் வந்து பார்த்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன்.

"மோட்டார் கருகிப்போச்சுங்ணா. இதுக்கு ஸ்பேர் வேணுமின்னா ஜப்பானுக்குத்தான் பஸ் ஏறோணும்."

"நீ ஏறுவியா?"

"டிக்கெட் நீங்க எடுத்தா ஏறிக்கறனுங்."

தம்பிதுரை சிரிக்கவில்லை. "எனக்கு இந்த மூடியே வேண்டாம் சாமு. வெளிச்சம் மங்கல். நாலஞ்சு மாசமா சொல்லீட்டு இருக்கறேன். ரெண்டையும் அடைச்சுப்போட்டு, பம்பர் மேல புது லைட்டா வெச்சுடு. நல்லாப் பெருசா."

அம்மாவிடம் கேட்டார்கள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "என்னமோ பண்ணுங்க. எல்லாத்துக்கும் என்னையே கேக்கறீங்க" என்றார். முதலாளியிடம் யாரும் கேட்கவில்லை. சாமுவேல் மூடிகளில் ஸ்குரூ முடுக்கும்போது அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று கஞ்சி பாதியில் நின்றது.

பம்பர் மேல் இரண்டு பெரிய வட்ட விளக்குகள் வந்தன. பேட்டரியிலிருந்து தனி ஒயர், நடுவில் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி. பொழுது சாய்ந்ததும் ஃபோகஸ் பார்க்க வண்டியைப் பங்களாவை ஒட்டிய மில் காம்பவுண்டுச் சுவருக்கு நேராக நிறுத்தினார்கள். சாமுவேல் சுவரில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டான். வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழே விழ வேண்டுமாம்.

"இன்னும் மேல தூக்கு" என்றார் தம்பிதுரை, ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தபடி.

"கோட்டத் தாண்டிருச்சுங்ணா."

"பரவால்ல, தூக்கு."

"அண்ணா, எதுக்கால வாரவன் மூஞ்சீல அடிக்கும். உங்க அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவான்."

"திட்டுனா என்னையத்தான திட்டுவான். தூக்குடா."

சாமுவேல் தூக்கினான். வாட்ஸ் கூடின பல்பும் போட்டான். வெளிச்சம் சுவரைத் தாண்டி மில்லுக்குள் நின்ற வேப்பமரத்தில் விழுந்தது. "இப்பப் பரவால்ல" என்று தம்பிதுரை இறங்கினார். குரலில் பரவாயில்லை என்பது இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் மாலையில் முதலாளியைப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு வைத்தியரிடம் எண்ணெய் தேய்க்கக் கூட்டிப் போவோம். திரும்பும்போது இருட்டிவிடும். கொஞ்ச காலமாகவே தம்பிதுரை ஏதாவது ஒரு டவுன் பஸ்ஸின் பின்னாலேயே வருவார். பஸ் நின்றால் நாங்களும் நிற்போம். பஸ் கிளம்பினால் நாங்களும். விளக்கு மங்கல், அதனால்தான் என்று அவர் சொன்னதை நானும் நம்பினேன். புது விளக்கு போட்ட பிறகு வந்த வெள்ளிக்கிழமையும் அப்படியேதான் வந்தார். துடியலூர் ஸ்டாப்பில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றபோது, கூடையும் கையுமாக ஒரு பெண் குனிந்து எங்கள் ஜன்னலில் கேட்டாள்.

"ஏனுங்க, இது காந்திபுரம் போகுமுங்களா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். "ஏறிக்கோ அம்மிணி, உள்ள சீட்டுக் காலியா இருக்குது" என்றான் ஒருவன். தம்பிதுரை நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு லாரி வந்ததும் கையை நெற்றிக்கு மேல் வைத்துத் தலையைத் திருப்பிக்கொண்டார். அப்போது எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து முதலாளியைப் படுக்க வைத்துவிட்டு, அவர் கண்மணியைச் சோதிக்க நான் வைத்திருந்த டார்ச்சோடு போர்டிகோவுக்குப் போனேன்.

"தம்பிதுரை, இப்படித் திரும்புங்க."

"எதுக்குங் சிஸ்டர்?"

"திரும்புங்கன்னேன்."

இரண்டு கண்ணிலும் புரை வெள்ளையாக விழுந்திருந்தது. வலது கண்ணில் முற்றியே போயிருந்தது.

"சாமுவேல் போட்ட கோடு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"செவுரே பாதிதானுங் தெரிஞ்சுது" என்றார். "அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. ஆபரேசன்னா ஒரு மாசத்துக்கு மேல வண்டியத் தொடக்கூடாதும்பாங்க. அதுக்குள்ள வித்துப்போடுவாங்க. அப்பறம் நான் தறிக்குடோன்லதான் கெடக்கோணும்."

"உங்க வண்டில நானும் இருக்கறேன், எந்திரிச்சு ஓட முடியாத ஒருத்தரும் இருக்கறார். காலைல நீங்களே சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்லுவேன்."

"பாவம்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா சிஸ்டர்?"

"சொன்னாக் கண்ணு தெரியுமா?"

காலையில் அவரே சொன்னார். ரங்கநாயகி அம்மா கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இவரப் பாக்கறனா, மில்லப் பாக்கறனா, இப்ப உன் கண்ணையும் பாக்கோணுமா? போ, போயிச் சரி பண்ணீட்டு வா" என்றார். வண்டியைப் பற்றி வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. வைத்தியரை மட்டும் நான் காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். டாக்ஸி பிடித்துப் போய் வந்தோம். டாக்ஸியில் முழங்காலை நீட்ட முடிந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வலது கண் ஆபரேஷன் முடிந்து, பச்சைத் துணி கட்டிக்கொண்டு தம்பிதுரை கார் ஷெட்டில் உட்கார்ந்திருந்த நாளில், பெங்களூரிலிருந்து ஒருவர் வண்டியை வாங்க வந்தார். அம்மா முன்பே சொல்லி வைத்திருந்த ஆள். தம்பிதுரை கட்டாத கண்ணையும் மூடிக்கொண்டு, காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருந்தார்.

வந்தவர் வண்டியை ஆசையாகத் தடவிக்கொண்டே முன்பக்கம் போனார். "லைட்டை எழுப்பிக் காட்டுங்க."

"அது எந்திரிக்காதுங்க. அடைச்சுப்போட்டோம்" என்றார் அம்மா.

அவர் குனிந்து ஸ்குரூக்களைப் பார்த்தார். பம்பர் மேல் நின்ற வட்ட விளக்குகளைப் பார்த்தார். "யார் இந்த வேலை செஞ்சது?" என்று கேட்டார். அம்மா காப்பியை நீட்டினார். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, எழும்பும் விளக்குக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்ததாகச் சொல்லி, விலை பேசாமலே போய்விட்டார்.

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சுத் திணறுகிறதோ என்று ஓடினேன். முதலாளி வாயின் ஒரு பக்கத்தால் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று கஞ்சியை முழுதும் குடித்தார்.

"அந்தாளு போயிட்டாருங்களா?" என்று ஷெட்டிலிருந்து தம்பிதுரை கேட்டார்.

"போயிட்டார். கண்ணக் கசக்காதீங்க" என்றேன்.

இடது கண்ணை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி டாக்டர் வண்டி ஓட்ட அனுமதி கொடுத்த அன்று மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி, மில் சுவருக்கு நேராக நிறுத்தி விளக்கைப் போட்டார். வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் கத்திக்கொண்டு கிளம்பின.

"எவன்டா இதைய இப்படித் தூக்கி வெச்சவன்? கண்ணே அவிஞ்சு போகும்போல இருக்குது!"

விளக்கைச் சரிபார்க்க வந்திருந்த சாமுவேல் என்னைப் பார்த்தான். "அவன் ரொம்ப மோசமான ஆளுங்ணா. பேரச் சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்க."

தம்பிதுரை இறங்கி, ஸ்குரூ டிரைவரை வாங்கி, தானே உட்கார்ந்து விளக்கைக் கீழே இறக்கினார். மழையில் பாதி அழிந்த சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு சாண் கீழே கொண்டுவந்து நிறுத்தினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வைத்தியர் மறுபடி மாலைக்கு மாறினார். நான் பழையபடி பின்னால் ஊர்ந்து போய் முழங்காலை மடக்கிக்கொண்டேன். திரும்பும்போது துடியலூரில் பஸ் நின்றது. தம்பிதுரை ஹாரன் அடித்து ஒதுங்கி, அதைத் தாண்டிப் போனார். காந்திபுரம் போகுமா என்று யாரும் கேட்கவில்லை.