இடம் மாறிய சோற்றுக் கிண்ணம்

தோ மால்சுக்குக்கு அழத் தெரியாது என்று கொரிய சினிமாவின் கோட்டையான சுங்முரோவில் சொல்வார்கள். அது அபாண்டம். அவளுக்கு அழத் தெரியும், நேரம்தான் இருந்ததில்லை. கதாநாயகி செத்துக் கிடக்கும் காட்சியில் அரங்கமே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது, போன ஷாட்டில் பிணத்தின் காதில் இருந்த தோடு இந்த ஷாட்டிலும் இருக்கிறதா என்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்பது வருஷம் படப்பிடிப்பில் கண்டின்யூட்டி பார்த்தவள் வேறு எதைப் பார்ப்பாள்?

வேலை அப்படி. ஒரு டேக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் சிகரெட் எவ்வளவு எரிந்தது, எத்தனை பொத்தான் திறந்திருந்தது, குடை எந்தக் கையில் என்று மடியில் அட்டையை வைத்துக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். குறித்துக் குறித்து அவளுக்கு உலகத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. கல்யாணமான மூன்றாம் வருஷம் புருஷன் காலையில் ஒரு முடிச்சில் டை கட்டிக்கொண்டு போனான், சாயங்காலம் வேறு முடிச்சில் திரும்பி வந்தான். "எங்க அவுத்தீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். சோறு ஆறுவதற்குள் அந்த ஆள் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். அதற்குப் பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள், அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

இப்படிப்பட்டவளை அந்த நவம்பரில் விருதுக் குழுவின் ஏழாவது ஆளாகப் போட்டார்கள். அப்போது அவளுக்கு அறுபத்தேழு வயது. குழுத் தலைவர் பியோன் கில்ஜுன் விமர்சனம் எழுதியே தலை நரைத்தவர். "தொழில்நுட்பம் தெரிஞ்சவங்க ஒருத்தர் வேணும் மேடம்" என்று அவர் போனில் சொன்னபோதே அவளுக்கு மூக்கில் வியர்த்தது. நாற்பது வருஷமாக ஞாபகம் வராத ஆளை இப்போது மட்டும் எதற்குக் கூப்பிடுகிறார்கள்? யாரை வாரிவிட? யாரைத் தூக்கிவிட?

சின்னத் திரையிடும் அறையில் பத்து நாளில் பதினான்கு படம். மதியம் கடற்பாசியில் சுருட்டிய கிம்பாப் சோற்றுருளைகள், நாள் முழுக்கப் பாக்கெட் காப்பி. கடைசி நாள் சிறந்த நடிகைக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி வக்கீலாக நடித்த இளம் பெண், ஊரே கொண்டாடுகிற முகம். இன்னொருத்தி யோம் நான்ஹி. அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக விருதுக்கு வந்திருக்கிறாள். இனி ஒருமுறை வரப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

நான்ஹியின் பெயரைக் கேட்டாலே மால்சுக் டிவியை அணைத்துவிடுவாள். முப்பத்தெட்டு வருஷத்துப் பகை அது. 1986இன் குளிர்காலத்தில் இருவரும் ஒரே படத்தில் வேலை பார்த்தார்கள். நான்ஹிக்கு அப்போது இருபத்து நாலு வயது, அக்கா அக்கா என்று மால்சுக்கின் பின்னாலேயே சுற்றுவாள். நிச்சயமான கல்யாணத்தை முறித்துக்கொள்ள மாப்பிள்ளையே வந்து உட்கார்ந்திருக்கும் காட்சி. பெண்ணாக நடித்த நான்ஹியின் கையில் பார்லித் தேநீர்க் கோப்பை, வலது கையில். மால்சுக் அதை அட்டையில் எழுதியும் வைத்தாள். மறுநாள் க்ளோசப் எடுத்தபோது அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள், அட்டையை மட்டும் நான்ஹியிடம் கொடுத்தனுப்பினாள்.

படம் வெளிவந்தது. ஷாட்டுக்கு ஷாட் கோப்பை வலது கையிலிருந்து இடது கைக்குத் தாவியது. எல்லாரும் அழ வேண்டிய இடத்தில் அரங்கம் சிரித்தது. டைரக்டர் ஆபீஸில் கூப்பிட்டு வைத்துக் கத்தினார். அட்டையைத் தேடினால் காணோம். நான்ஹி தலையைக் குனிந்துகொண்டு, "மால்சுக் அக்காதான் இடது கைன்னு சொல்லி அனுப்பினாங்க" என்றாள்.

அத்தோடு மால்சுக்கின் வேலை போயிற்று. திரும்ப யாராவது கூப்பிடும்வரை, இரண்டு குளிர்காலம் பஸ் நிறுத்தத்தில் சாற்றில் வேகவைத்த மீன் அடை விற்றாள். கொதிக்கிற சாற்றின் ஆவி முகத்தில் அடிக்கும்போதெல்லாம் அந்தக் குனிந்த தலைதான் ஞாபகத்துக்கு வரும்.

"மூணுக்கு மூணு" என்றார் கில்ஜுன். "மேடம், நீங்க சொல்றதுதான் முடிவு. அந்த எட்டு நிமிஷ ஷாட் ஒண்ணு போதாதா?"

அந்த ஷாட்டைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. மூன்று வருஷமாகக் கடலிலிருந்து திரும்பாத மீனவனின் மனைவியாக நான்ஹி நடித்திருந்தாள். புருஷன் சாப்பிட உட்காரும் சின்ன மெத்தை காலியாக இருக்க, அதற்கு முன்னால் குட்டை மேஜையைப் போட்டுச் சோறும் சூப்பும் வைக்கிறாள். மெத்தை இருக்கும் இடத்திலேயே கேமரா, அதாவது புருஷன் உட்கார்ந்து பார்ப்பது போல. அவள் எதிரில் உட்கார்ந்து அவனைத் திட்டுகிறாள், மீன் விலை சொல்கிறாள், சிரிக்கிறாள், கடைசியில் உடைந்து அழுகிறாள். வெட்டே இல்லாத எட்டு நிமிஷம் என்று போஸ்டரிலேயே போட்டிருந்தார்கள்.

"அது ஒரே ஷாட் இல்ல" என்றாள் மால்சுக்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சேரின் மட்டும் சிரித்துவிட்டாள். அவள் எடிட்டர், குழுவிலேயே சின்னவள், நான்ஹிக்கு ஓட்டுப் போட்ட மூவரில் ஒருத்தி. "மேடம், நான் ரெண்டு தடவை பார்த்தேன். வெட்டு இருந்தா என் கண்ணுல படாதா?"

"நீ மூஞ்சியைப் பார்த்திருப்பே. நான் மேஜையைப் பார்த்தேன். ஆரம்பத்துல புருஷனுக்கு இடப்பக்கம் சோறு, வலப்பக்கம் சூப். முடியும்போது சோறு வலப்பக்கம் இருக்கு. நடுவுல யாரும் தொடல. கிண்ணம் என்ன, கால் முளைச்சு நடந்து போச்சா?"

"எங்க வீட்ல எங்க இடம் இருக்கோ அங்க வைப்போம் மேடம்."

"உங்க வீட்ல வெப்பீங்க. உயிரோட இருக்கறவங்களுக்குச் சோறு இடப்பக்கம்தான். என் அம்மாகிட்ட மாத்தி வெச்சா மண்டையில குட்டு விழும். நடுவுல வெட்டிட்டு மறுபடி மேஜை போட்டிருக்காங்க. எவனோ ஒரு கத்துக்குட்டி செத்தவங்களுக்குப் படைக்கிற மாதிரி மாத்தி வெச்சுட்டான். பூசி மெழுகினாலும் நாறாம போகுமா?"

கில்ஜுன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெட்டு இருந்தா படக் கம்பெனி நம்மகிட்ட பொய் சொல்லியிருக்குன்னு அர்த்தம். அப்புறம் ஓட்டே தேவையில்ல. அந்தம்மா பேரையே எடுத்துட வேண்டியதுதான்."

மால்சுக்குக்கு நாக்கில் இனித்தது. அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை. ஒரு கோப்பைக்கு ஒரு கிண்ணம், கணக்குச் சரி என்று தோன்றியது. "போடு" என்றாள்.

சேரின் ரிமோட்டை வாங்கிக்கொண்டு மெதுவாக ஓட்டினாள். ஆறாவது நிமிஷத்தில் நான்ஹி மேஜைக்கு மேலே குனிந்து, எதிரிலிருக்கும் மெத்தையை நேராக்கக் கை நீட்டுகிறாள். முகம் கேமராவுக்கு மிக அருகில் வருகிறது. கன்னத்தில் முதல் சொட்டு இறங்குகிறது. அகலமான சட்டைக் கை மேஜையை மொத்தமாக மறைக்கிறது, இரண்டு விநாடிக்கு.

"நிறுத்து. இங்கதான் வெட்டு. துணி மறைக்குது பாரு. திருடன் இருட்டுலதான் வருவான்."

சேரினின் முகம் தொங்கிப்போயிற்று. "இருக்கலாம் மேடம். இப்படி மறைச்சு நானே ஒட்டியிருக்கேன்."

"இருக்கலாம் இல்ல, இருக்கு. சட்டை விலகினதும் நிறுத்து. புதுசா வெச்ச சூப் ஆடாம அசையாம இருக்கும், காட்டறேன்."

சட்டை விலகியது. சோறு வலப்பக்கம் வந்திருந்தது. மால்சுக் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சூப் ஆடிக்கொண்டிருந்தது. விளிம்பில் தளும்பி, நறுக்கிப் போட்ட வெங்காயத்தாள் ஒரு வட்டம் சுற்றி மெல்ல நின்றது. ஒரு ஓரமாக நான்ஹியின் கட்டைவிரல் ஈரமாக இருந்தது. அழுதுகொண்டே அந்த விரலை அவள் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"பின்னால போ" என்றாள் மால்சுக். குரல் மாறியிருந்தது.

குனிவதற்கு முன்னால் விரல் காய்ந்திருந்தது. துணிக்குள்ளே ஒரு கை மெத்தையைப் பிடித்திருக்க, இன்னொரு கையின் முழங்கை இரண்டு முறை அசைந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. அதற்கு மேல் எதையும் காட்ட நான்ஹி விரும்பவில்லை.

"வெட்டு இல்ல" என்றாள் மால்சுக். "அவளே மாத்தறா. சூப்புல விரல் பட்டுடுச்சு."

"எதுக்கு மாத்தணும்?" என்றார் கில்ஜுன்.

 பதிலை மால்சுக்கேதான் கால்மணி நேரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தாள், வசவாக. செத்தவங்களுக்குப் படைக்கிற மாதிரி. மூன்று வருஷமாக உயிரோடு இருப்பவனுக்கு வைத்த சாப்பாட்டை, அழுகிற முகத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் செத்தவனுக்கு வைத்துவிட்டாள். படையலில் செய்வதுபோலக் கரண்டியைச் சோற்றில் குத்தி நிறுத்தியிருந்தால் சேரினுக்கும் புரிந்திருக்கும். அதைச் செய்யவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாமல், அவனுக்கே தெரியாமல், கிண்ணத்தை மட்டும் மாற்றினாள். பகை கண்ணை மறைத்திராவிட்டால் மால்சுக்குக்கு முதல் தடவையே இது விளங்கியிருக்கும்.

திக்கித் திணறி அவள் இதைச் சொல்லி முடித்தபோது யாரும் காப்பியைத் தொடவில்லை. சேரின் மூக்கை உறிஞ்சினாள். "நாங்க எல்லாரும் மூஞ்சியைத்தான் பார்த்துட்டிருந்தோம்."

"அதுக்குத்தானே அழுதா. இன்னொரு தடவை போடு. நிறுத்தாம."

எட்டு நிமிஷமும் ஓடியது. விளக்குப் போட்டதும் கில்ஜுன் சும்மா இருக்காமல் சீண்டினார். "கடைசியில கதவு திறந்திருந்துதா மூடியிருந்துதா மேடம்?"

"பார்க்கல" என்றாள் மால்சுக். சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

ஓட்டுச் சீட்டில் காரணம் எழுத நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். மற்றவர்கள் உருக்கம், ஆழம் என்று என்னென்னவோ எழுதினார்கள். மால்சுக்குக்கு அந்த மாதிரி எழுத வராது. நாற்பது வருஷம் எழுதிய பாணியிலேயே எழுதினாள்: 'யோம் நான்ஹி. ஆறாவது நிமிடம். சோற்றுக் கிண்ணம் இடமிருந்து வலம். பிழை இல்லை.'

வெளியே குளிர் கடித்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே யாரோ மீன் அடை விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆவி முகத்தில் பட்டதும் பழைய க்ளோசப் கண்முன்னே வந்து நின்றது. இடது கையில் கோப்பை. நிச்சயதார்த்த மோதிரமும் இடது கையில்தான். கை நடுங்க நடுங்க மோதிரம் கோப்பையில் பட்டுக் கிணுகிணுத்ததே, அரங்கம் சிரித்த சிரிப்பில் வேறு யார் காதிலும் விழாமல் போன அந்தச் சத்தம்! அதற்காகத்தான் கை மாற்றியிருக்கிறாள். இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்கு அதை டைரக்டரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சொல்ல வராமல் அக்காவின் தலையில் போட்டுவிட்டாள்.

மால்சுக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பழைய கோபத்தைவிடப் பெரிய கோபம்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி" என்று நடுத்தெருவில் நின்று உரக்கச் சொன்னாள். மீன் அடை விற்றவள் நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லியிருந்தா அட்டையில நானே இடது கைன்னு மாத்தி எழுதியிருப்பேனே."