பூங்குழலி லைவில் இருக்கிறார்

ஆம்பூரில் அந்த வீடு இன்றும் பூட்டித்தான் கிடக்கிறது. சந்தேகம் இருந்தால் போய்ப் பாருங்கள். பூங்குழலிக்கு அங்கே நடந்ததில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவள் அவள். வேலை விட்டு வந்ததும் ஆடிப் பாடி ரீல்ஸ் போடுவாள். அதில் ஒன்று எப்படியோ பிய்த்துக்கொண்டு ஓட, பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் செல்ஃபி கேட்டார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

எந்த வீடியோ போட்டாலும் முதல் கமெண்ட் ஒரே ஆளிடமிருந்து வரும். படம் இல்லாத கணக்கு. பெயர் நித்யஸ்ரீ. 'அக்கா சூப்பர்' என்று இருக்கும், அவ்வளவுதான். ஒருநாள் மட்டும், 'இன்னிக்கி ஏன் பொட்டு வெக்கல?' என்று வந்தது.

அன்று அவள் வீடியோவே போடவில்லை. வீட்டை விட்டு வெளியே போகவும் இல்லை.

மறுநாள் அந்தக் கணக்கின் பெயர் 'பூங்குழலி' என்று மாறியிருந்தது. படமும் அவளுடையதுதான். கூடவே ஒரு வீடியோ... அவள் தன் அறையில் உட்கார்ந்து தலை வாருகிறாள். சுவர்ப் பக்கமிருந்து எடுத்தது. அந்தச் சுவரில் ஜன்னல் கிடையாது.

கூடத் தங்கியிருந்த தீபலட்சுமி சுவர் முழுக்கத் தட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் காணோம்டி. எவனோ எங்கியோ கேமரா வெச்சிருக்கான். நாளைக்கே போலீசுக்குப் போலாம்."

"தனியா வுட்டுட்டுப் போவாதடி."

"அரிசி வாங்கினு உடனே வந்துடறேன். தாப்பா போட்டுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில் நேரம். பூங்குழலி கதவைத் தாழிட்டு உட்கார்ந்தாள்.

டிங்...

'பூங்குழலி லைவில் இருக்கிறார்.'

திறந்தாள். திரையில் ஒரு முதுகு. அவளுடைய முதுகு. இதே அறை, இதே நாற்காலி.

சட்டென்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

மறுபடி திரையைப் பார்த்தாள். அதில் இருந்தவள் திரும்பவே இல்லை.

கமெண்டுகள் ஓடின. 'குழலி, இந்தப் பக்கம் பாரு!'

திரையில் இருந்தவள் மெல்ல... மெல்லத் தலையைத் திருப்பினாள்.

சிரித்தாள்.

"அக்கா..."

குரல் போனிலிருந்து வரவில்லை.

காதோரம் வந்தது.

தாழை எப்படித் திறந்தாளோ, பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா மேல் போய் விழுந்தாள்.

"இன்னாம்மா? இன்னா ஆச்சு?"

"உள்ள... உள்ள..."

"உள்ள யாரு இருக்காங்க?"

"யாருமில்லக்கா. நான் மட்டுந்தான்."

அஜீஸுன்னிசா கதவையே பார்த்தாள். "அப்போ பாடறது யாரு?"

போலீசில் விசாரித்ததில், அந்தக் கணக்கின் போன் நம்பர் கலவை என்கிற ஊரில் ஒரு விலாசத்தைக் காட்டியது. ஏட்டு ராமமூர்த்தியோடு தோழிகள் இருவரும் போனார்கள். கதவைத் திறந்த கெங்கம்மாள், பூங்குழலியைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நித்யஸ்ரீ யாரும்மா?" என்றார் ஏட்டு.

"எம் பொண்ணு சார். செத்து ஆறு வருஷம் ஆவுது. அவளும் டான்ஸ் ஆடி ஆடிப் போடுவா. ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

உள்சுவரில் மாலை போட்ட படம் தெரிந்தது. ஏட்டு படத்தைப் பார்த்தார். பூங்குழலியைப் பார்த்தார்.

இரண்டும் ஒரே முகம்.