எழுபதுக்குக் கீழே

சந்திரகலாவுக்கு உட்கார்ந்தே பெருத்த உடம்பு. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் அவள் வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்தில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, பேசுகிறவர்களுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் வந்து உட்கார்ந்தால் பூட்டும்போதுதான் எழுந்திருப்பாள். ஜெர்மனிக்காரன் வந்து அவன் ஊருக்குப் பேசுவான், ஆந்திராக்காரர் வந்து பேரனைக் கொஞ்சுவார், இவள் மீட்டரைப் பார்த்துக்கொண்டே முறுக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள். குண்டாக இருக்கிறோமே என்று ஒரு நாளாவது கவலைப்பட்டிருப்பாளா? கிடையவே கிடையாது. அவள் தம்பி பலராமன்தான் வாய் ஓயாமல் "குண்டக்கா, குண்டக்கா" என்பான். அவன் சொன்னால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். தாய் செத்தபோது ஆறு வயசுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் என்ன சொன்னாலும் அவளுக்கு வெல்லம்தான்.

பலராமன் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை பயிர் வைக்கிறவன். வேர்க்கடலையை அந்தப் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். மூட்டையை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவான். தராசில் வைத்தால் அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, கண்ணை மூடி யோசிக்கிற மாதிரி பாவனை பண்ணி, "எண்பத்தி நாலு" என்பான்.

"போடா நாயே" என்று அவள் முதுகில் ஒன்று வைப்பாள்.

தொண்ணூற்றி எட்டாம் வருஷம் சித்திரை மாசம் அவன் கால் வீங்கியது. நிலத்தில் நின்ற வீக்கம் என்று பத்து நாள் விட்டுவிட்டார்கள். முகமும் வீங்கிய பிறகுதான் வேலூருக்குக் கூட்டிப்போனார்கள். ரெண்டு கிட்னியும் போய்விட்டது என்றார் டாக்டர். வாரத்தில் ரெண்டு நாள் வந்து மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொள்ள வேண்டும், சீக்கிரம் யாராவது ஒரு கிட்னி கொடுத்தால்தான் ஆள் நிற்பான் என்றார். அவன் பெண்டாட்டி பாஞ்சாலைக்கு ரத்தம் சேரவில்லை. அக்காவுக்கு ரத்தமும் சேர்ந்தது, மற்றதெல்லாமும் சேர்ந்தது. அவள் புருஷன் சின்னசாமி, லாட்ஜில் வாட்ச்மேன், "உன் தம்பி, உன் உடம்பு, நீ குடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். நல்ல மனுஷன்.

"எல்லாம் பொருந்துதும்மா. ஆனா இந்த எடையில உங்களை ஆபரேஷனுக்குப் படுக்க வைக்க முடியாது. பிரஷர் வேற ஏறிட்டு வருது. உங்க உயிருக்கே ஆபத்தாயிடும்" என்றார் டாக்டர். "எழுபதுக்குக் கீழ வாங்க. அப்புறம் பேசலாம்."

என்ன கொடுமை பாருங்கள். கொடுக்க மனசு இருக்கிறது, கொடுக்க உறுப்பு இருக்கிறது, நடுவில் இந்தச் சதை நின்று வழி மறிக்கிறது! அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது போளூர் தாண்டுகிற வரைக்கும் அவள் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். முதல் தடவையாக அதன் மேல் அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாளே முறுக்கு நின்றது, எண்ணெய் நின்றது, டீயில் சர்க்கரை நின்றது. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் ஒரு கிண்ணம் சோறு, ராத்திரி ரெண்டு சப்பாத்தி. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித் தருகிற மேடம் சொன்னபடி அட்சரம் பிசகாமல் நடந்தாள். விடிவதற்கு முன்னால் எழுந்து மலையைச் சுற்ற ஆரம்பித்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே சுற்றுகிற மலையை அவள் தினமும் சுற்றினாள். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, செருப்பு இல்லாமல், முழங்கால் கதறக் கதற நடந்தாள். அடி அண்ணாமலை வரும்போது பொழுது விடியும். அங்கே ஒரு மடத்தில் சாமிக்குப் படைத்த வெண்பொங்கலைத் தொன்னையில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டுவிட்டு மிச்ச தூரத்தையும் நடந்து வந்து பூத்தைத் திறப்பாள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு எடை பார்க்கிற மிஷின் இருந்தது. காசு போட்டால் கலர் லைட் எரிந்து, சக்கரம் சுற்றி, ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் ஜோசியம். வேலூருக்குத் தம்பியோடு போகிற ஒவ்வொரு தடவையும் அதில் ஏறி நிற்பாள். எண்பத்தி நாலு எண்பத்தொன்று ஆனது, எழுபத்தொன்பது ஆனது, ஆவணி முடிவதற்குள் எழுபத்தாறுக்கு வந்தது. பாஞ்சாலை மிஷின் பக்கத்தில் நின்றே கும்பிட்டாள். பலராமன், "இந்த வேகத்துல போனா தீபத்துக்குள்ள என் வயித்துல உன் கிட்னி ஓடும்கா" என்றான்.

அதோடு நின்றது பாருங்கள், நின்றதுதான்.

புரட்டாசி போனது, எழுபத்தாறு. ஐப்பசி மழையில் முக்காடு போட்டுக்கொண்டு நடந்தாள், எழுபத்தாறு. மதியச் சோற்றைப் பாதியாகக் குறைத்தாள், ராத்திரி ஒரு சப்பாத்தி போதும் என்றாள். அந்த மிஷின் தலைகீழாக நின்றாலும் வேறு எண்ணைக் காட்ட மாட்டேன் என்று அடம் பிடித்தது. மிஷின்தான் ரிப்பேர் என்று நினைத்து அரிசி மண்டித் தராசில் ஏறி நின்று பார்த்தாள். மண்டிக்காரர் சிரித்தார், தராசு எழுபத்தாறு காட்டியது.

"ரெண்டு மூணு மாசம் எடை இப்படி நிக்கிறது சகஜம்தான், மனசு விடாதீங்க" என்றாள் மேடம். "சாப்பாட்டுல வேற எதாவது சேர்க்கிறீங்களா?"

"சத்தியமா இல்லம்மா." அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த வரைக்கும் அது சத்தியம்தான்.

மனசு விடாதே என்று சொல்வது சுலபம். அங்கே மிஷினில் படுத்துக்கிடக்கிறவன் வாரா வாரம் கறுத்துக்கொண்டே போகிறான். ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கிடக்கிறான். அவள் பக்கத்தில் போனால் மணிக்கட்டைத் தூக்கிப் பார்ப்பான். "அதே எழுபத்தாறுதான்கா. நீ ஒரு கிலோ குறையறதுக்குள்ள நான் ரெண்டு கிலோ குறைஞ்சிடறேன். போட்டி போடாத, தோத்துடுவ." சிரித்துக்கொண்டுதான் சொல்வான். அவள் வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொள்வாள். சில நாள் விடியற்காலையில் எழுந்திருக்க உடம்பு மறுக்கும், எதற்கு நடக்க வேண்டும், என்ன பிரயோஜனம் என்று தோன்றும். அப்போது அந்த ஐஸ் துண்டை நினைத்துக்கொள்வாள். கால் தானாகக் கீழே இறங்கும்.

கார்த்திகை தீபத்துக்கு ரெண்டு நாள் முன்னால் பாஞ்சாலை திருவண்ணாமலைக்கு வந்தாள். தாலிக்கு வேண்டிக்கொண்டு மலை சுற்ற வேண்டும் என்றாள். ரெண்டு பேரும் சேர்ந்தே நடந்தார்கள். அடி அண்ணாமலை மடத்தில் பொங்கல் போடுகிற ஜோதியம்மாள் தூரத்திலேயே சந்திரகலாவைப் பார்த்துவிட்டாள். தம்பிக்காக நடக்கிறவள் என்று அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஒரு கரண்டி, இவளுக்கு மட்டும் ரெண்டு. மேலே ஒரு கரண்டி நெய்யும் விட்டாள்.

"தம்பிக்குக் குடுக்கப் போற உடம்பு. தெம்பு வேணாமா? சாப்பிடும்மா."

சந்திரகலா தொன்னையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டாள். பாஞ்சாலை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, இது இன்னா?"

"பிரசாதம்மா. நீயும் வாங்கிக்க."

"தினமும் இதைச் சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறதா? பிரசாதம்டி. வேணாம்னு சொல்ல முடியுமா?"

கிருத்திகை விரதம் இருக்கிறவர்களே பிரசாதம் வாங்கித் தின்றுவிட்டு, அதனால் விரதம் கெடாது என்று சொல்கிற ஊர் அது. சாமி கொடுத்தது சாப்பாட்டில் சேராது. சந்திரகலா அந்த மேடத்திடம் சொல்லாததும் அதனால்தான். மறைக்கவில்லை, அவளுக்கு அது ஞாபகத்திலேயே வரவில்லை. வீட்டில் சோற்றைக் குறைத்த பிறகு பசியில் அந்தத் தொன்னை இன்னும் ருசித்தது, அவ்வளவுதான்.

பாஞ்சாலைக்குத் தாங்கவில்லை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. "வயித்துக்குள்ள போனா மாயமாப் போயிடுமா அண்ணி? நெய்யிலே மிதக்குது! அங்க அவரு தண்ணிக்கு நாக்கு வறண்டு கெடக்கிறாரு. குடுக்க இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. எதுக்கு இந்த வேஷம்?"

சந்திரகலா கையில் இருந்த தொன்னை நழுவியது. பிரசாதம் மண்ணில் விழுந்துவிட்டதே என்று பதறிக் குனிந்தாள், குனிந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் ஜோதியம்மாள் கரண்டியை நீட்டினாள். சந்திரகலா கையை எடுத்துக் கும்பிட்டு, "வேணாம்மா" என்றாள். வாழ்நாளில் பிரசாதத்தைப் பார்த்து அவள் சொன்ன முதல் வேண்டாம் அதுதான். ஜோதியம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. "சாமிய வேணாங்கிறியேம்மா" என்றாள். சந்திரகலா மலையைப் பார்க்கத் துணிவில்லாமல் தலையைக் குனிந்துகொண்டே மிச்ச தூரத்தையும் நடந்தாள்.

எடை இறங்கியது. மார்கழியில் எழுபத்தி நாலு, தை பிறந்தபோது எழுபத்திரண்டு. ஆனால் அதற்குள் அவனுக்குக் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. மாட்டுப் பொங்கலன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் பக்கத்தில் நின்ற அக்காவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தான். தூக்கத்தான் தெம்பில்லை. அவளே கையைத் தூக்கி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"எழுபத்திரண்டு" என்றான். "வந்துட்டியேக்கா. இன்னும் கொஞ்சம்தான்."

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டான். முப்பத்தி நாலு வயசு.

அப்புறம் அவள் பூத்தைத் திறக்கவில்லை. சின்னசாமி தட்டில் சோற்றைப் போட்டு எதிரில் வைத்துக்கொண்டு கெஞ்சுவான். ஒரு வாய் எடுத்து வைத்தால் அடுத்த வாய்க்குக் கை வராது. ஒரு நாள், தின்ற பொங்கல்தான் அவனைக் கொன்றது என்று அழுவாள். சாமி கொடுத்ததை வேண்டாம் என்று தள்ளியதால்தான் சாமி அவனை எடுத்துக்கொண்டது என்று மறுநாள் அழுவாள். ரெண்டில் எது என்று அவளுக்கு யார் சொல்ல முடியும்? தின்றதும் அவனுக்காக, தள்ளியதும் அவனுக்காக. ரெண்டு பக்கமும் பாவம் அவள் தலையிலேயே வந்து விழுந்தது.

மாசி மாசம் பாஞ்சாலை ஊரிலிருந்து நாத்தனாரைப் பார்க்க வந்தாள். சாப்பிட மாட்டேன் என்கிறவளைத் தன்னோடு கீழ்பென்னாத்தூருக்குக் கூட்டிப்போய் நாலு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடத்திக் கூட்டிவந்தாள். ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. புடவையை இழுத்து இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தாள் சந்திரகலா.

மிஷினைக் கண்டதும் கால் பழக்கத்தில் நின்றது.

"வேணாம் அண்ணி, ஏறாதீங்க" என்றாள் பாஞ்சாலை. அவள் கேட்கவில்லை. ஏறினாள், காசைப் போட்டாள். லைட் எரிந்தது, சக்கரம் சுற்றியது, அட்டை விழுந்தது.

அறுபத்தொன்பது.

அவள் அதைப் பாஞ்சாலையின் கையில் வைத்தாள். பாஞ்சாலை பார்த்தாள், பார்த்ததும் அங்கேயே அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "குடுக்க இஷ்டமில்லியான்னு கேட்டனே அண்ணி, என் வாய் வெந்து போவ, கேட்டனே..."

சந்திரகலா அவளைத் தூக்கவில்லை. மிஷினை விட்டு இறங்கவும் இல்லை. தன் மணிக்கட்டைத் தானே பிடித்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கீழ வந்துட்டேன்டி" என்றாள். "டாக்டருகிட்ட சொல்லு. இப்ப வந்து எடுத்துக்கச் சொல்லு."

கீழ்பென்னாத்தூர் பஸ் ஆரன் அடித்து, ஆளைக் கூப்பிட்டுவிட்டு, கிளம்பிப் போனது. ரெண்டு பேரும் ஏறவில்லை.