காப்பி வராத ஜெபக்கூட்டம்

"அழுகிற வீட்டுல கூட இருந்து அழுகதுக்கு ஆளு வேணும்னா அவள விளிச்சிட்டுப் போ. சபைய நடத்துகதுக்கு அவளா? நல்ல கத!"

கொப்பரை வியாபாரி இதை என்னிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் ஆலயத்து முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது. அவர் ஆற்றுக்கு அக்கரையிலிருந்த பெரிய சபையின் கமிட்டியில் இருந்தார். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் செருப்புப் போட்டு நடந்த முதல் பெண் நான்தான். அப்பா பனையேறி. பள்ளிக்கூடத்துப் படியை மிதித்த முதல் ஆளும் எங்கள் வீட்டில் நான்தான். ஆசிரியப் பயிற்சி முடித்து, மிஷன் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். குடையும் வைத்திருந்தேன். மழை இல்லாத நாளிலும் விரித்துப் பிடிப்பேன்.

"உனக்கு எழுத்து தெரியும், சம்மதிச்சேன். ஆளத் தெரியாது பிள்ளே" என்று போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

எங்கள் ஊர்ச் சிறிய ஆலயம், வாரந்தோறும் ஆராதனை நடத்தும் உபதேசியார் இல்லாமல் கிடந்த காலம் அது. இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார்; வேறொருவரை அனுப்ப ஆளில்லை. போதகர் ஐயாவுக்குப் பார்க்க வேண்டிய சபைகள் பல. மாதத்துக்கொரு முறை சைக்கிளில் வருவார். ஓலை வேய்ந்த அந்த ஆலயத்தைப் பூட்டிவிட்டு எல்லாரும் ஆற்றைத் தாண்டிப் பெரிய சபைக்கு வரட்டும் என்பது கமிட்டியின் எண்ணம். மழைக்காலத்தில் ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் போகும். வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் எங்கே தாண்டுவது? பூட்டிவிட்டால் அவர்களுக்குச் சபையே இல்லை. ஐயா ஒரு தவணை கொடுத்தார். மாசியில் கும்பத்து அறுப்பு முடிந்து வரும் அறுப்பின் பண்டிகை வரைக்கும் பார்ப்போம், ஊருக்குள்ளேயே ஒருவர் வாரந்தோறும் வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்தி ஆட்களைச் சிதறாமல் வைத்திருக்கட்டும், அப்படி ஒருவர் கிடைத்தால் ஆலயத்தைப் பூட்ட வேண்டாம் என்றார்.

பதநீர்க் காலத்தில் எங்கள் ஆண்கள் காலையிலும் பனையில், அந்தியிலும் பனையில். பெண்கள்தான் உண்டு. நான் கிணற்றங்கரை வீட்டு அக்காவைச் சொன்னேன். அதற்குத்தான் அந்த 'நல்ல கத.'

அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். பனையோலைப் பெட்டி முடைவார். யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் வண்டி பூட்டி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வராந்தாவில் படுத்துக் கிடந்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் திரும்புவார். ஆராதனைக்கு யார் வரவில்லை என்பது தலையைத் திருப்பாமலே அவருக்குத் தெரியும். காய்ச்சல்காரர் வீட்டுப் படுக்கையருகே இருந்து அவர் ஜெபம்பண்ணினால், கேட்கிறவர்களுக்குப் பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும். வாசிப்பது மட்டும் எழுத்துக்கூட்டித்தான்.

சனிக்கிழமை மத்தியானங்களில் அக்காவையும் இன்னும் இரண்டு பெண்களையும் ஆலயத்துப் பிலாமரத்தடியில் உட்காரவைத்தேன். ஒருத்தி ஆடு வளர்ப்பவள். இன்னொருத்தி புதிதாகக் கல்யாணமாகி வந்த வாயாடி. மூவரும் என்னைவிட மூத்தவர்கள். என்றாலும் டீச்சர் நான். நல்ல மேய்ப்பனைப் பற்றி முதல் பாடம் எடுத்தேன். மேய்ப்பன் ஆடுகளின் பேரை அறிந்திருக்கிறான் என்று விளக்கும்போது ஆட்டுக்காரி குறுக்கே வந்தாள்.

"பேரு தெரிஞ்சா போருமா டீச்சரே? எனக்க கருப்பிக்குப் பேரு உண்டு. பேரச் சொல்லி விளிச்சா இன்னும் வேகமா அடுத்தவன் மரச்சீனித் தோட்டத்துக்குள்ள போவும்."

"அப்போ சபையும் அப்படித்தான இருக்கும்" என்றாள் வாயாடி. பாடம் அன்று அதோடு சிரிப்பில் முடிந்தது. ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் கூட்டத்தை நேரத்துக்குத் தொடங்குவது, நேரத்துக்கு முடிப்பது, பாட ஒருத்தி, வாசிக்க ஒருத்தி என்று வேலையைப் பங்கிடுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பங்கிடுவதுதான் அக்காவுக்கு வரவே வராது. முற்றம் கூட்டுவது, பாய் விரிப்பது, விளக்குக்கு எண்ணெய் விடுவது, அழுகிற பிள்ளையைத் தூக்குவது என்று எல்லாவற்றுக்கும் தானே எழுந்திருப்பார்.

"நான் செய்யுக வேலைய பக்கத்து வீட்டுக்காரிக்கு என்னத்துக்கு ஏவணும்? பாவம், அவளுக்கு நடு வலி, குனிய முடியாது."

"நடு வலிக்காரியும் உக்காந்து பாட்டுப் பாடலாம் அக்கா."

"அது உள்ளதுதான்" என்பார். மறுபடி எழுந்து போவார்.

அவர் நடத்திய முதல் கூட்டம் ஊரிலேயே பெரிய முற்றமுள்ள ஒரு வீட்டில் நடந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு ஊரில் நல்ல மதிப்பு. மருமகள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம், கூட்டம் எந்த வீட்டிலோ அந்த வீட்டுக்காரர்களுக்காக உரக்க ஜெபிப்பார்கள்; முடிந்ததும் அந்த வீட்டில் கருப்பட்டிக் காப்பியும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் வரும். பாட்டு நன்றாக நடந்தது. வாயாடி தடுமாறாமல் வாசித்தாள். நான் பின்வரிசையில் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். பிறகு அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார். அந்தக் குரலில் இருந்த கனிவை என்னால் எழுத முடியாது.

"ஆண்டவரே, இந்த வீட்டுப் பிள்ளைய நெனச்சருளும். அது தாயில்லாப் பிள்ளையாக்கும். கெணத்தடியில நின்னு எங்கிட்ட அழுதத நீரும் கேட்டீரே. பழஞ்சோறும் கருவாட்டுத் தலையுந்தான் அதுக்குக் கெடைக்குது ஆண்டவரே. மாமியாருக்க மனச இளக்கும். குளச்சல்ல இருந்து வருக பச்ச மீனுல ஒரு துண்டு அந்தப் பிள்ளைக்க தட்டுலயும் விழும்படியா..."

எனக்குக் கண் திறந்துகொண்டது. பார்த்தால் எல்லார் கண்ணும் திறந்திருந்தது, அக்காவின் கண்ணைத் தவிர. மருமகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அடுக்களையில் மூடி ஒன்று கீழே விழுந்து உருண்டு உருண்டு ஓய்ந்தது. அக்கா நிறுத்தவில்லை. அடுத்த வீட்டுக் குடிகாரரையும் அதற்கடுத்த வீட்டில் பேசாமலிருக்கும் அண்ணன் தம்பியையும் ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஆமென் சொன்னார். வேறு யாரும் சொல்லவில்லை.

காப்பி வரவில்லை.

வீட்டம்மா வாசலுக்கு வந்து நின்றார். "இனி எனக்க முத்தத்துல ஜெபமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். எனக்க சட்டிக்குள்ள எட்டிப் பாக்கவா வந்திய?"

அடுத்த வாரம் கூட்டத்துக்கு யாரும் வீடு தரவில்லை. ஆலயத்தில் வைத்தோம், ஆட்டுக்காரியும் வாயாடியும் நானும் போக வந்தவர்கள் இரண்டு கிழவிகள்தான், ஒருவருக்குக் காது கேட்காது. ஆனால் அக்காவை வாட்டியது அதுவல்ல. அவர் வீடுவீடாகப் போனால் எல்லாரும், "ஒண்ணும் இல்லக்கா, சொகந்தான்" என்றார்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே ஒருத்தி சுகம் என்றாளாம்.

"டீச்சரே, பாசம் வச்சது தப்பா?" என்று கேட்டார். கையிலிருந்த ஓலையை அவர் முடையவில்லை, கிழித்துக்கொண்டிருந்தார். "நான் பெட்டி முடையுகேன். இந்த வேல எனக்கு வேண்டாம்."

கொப்பரை வியாபாரி என்னை வழியில் பார்த்துச் சிரித்தார். "என்ன பிள்ளே, காப்பி குடிச்சியளா?"

அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் விடுவதாக இல்லை. நல்ல தமிழில் ஒரு சிறிய ஜெபம் எழுதிக் கொடுத்து, இதை மட்டும் வாசித்தால் போதும் என்றேன். அக்கா வாசித்தது மணலில் வண்டி இழுக்கிற மாதிரி இருந்தது. அவருக்குள்ள கனிவு ஒரு வரியிலும் இல்லை. அந்தத் தாளை நானே வாங்கி மடித்துவிட்டேன்.

பிறகு என் வகுப்பை யோசித்தேன். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளை எது என்று எனக்குத் தெரியும். அதை மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் நான் சொன்னதில்லை. சொன்னால் அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடமே வராது. இதைச் சொன்னதும் அக்கா ஓலையைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட சொன்னது எங்கிட்டயே இருக்கணும்னு சொல்லுகியா?"

"உங்ககிட்டயும் ஆண்டவர்கிட்டயும்."

"ஆண்டவர்கிட்டத்தான நானும் சொன்னேன்!"

"அவருக்கு நல்லாக் காது கேக்கும் அக்கா. சத்தமாச் சொல்லாண்டாம்."

அன்றைக்குத்தான் அவர் மறுபடி சிரித்தார். பிலாமரத்தடியில் பழகிப் பார்த்தோம். ஒருத்தி ஒரு காரியம் சொல்ல வேண்டும், மற்றவள் ஆள் தெரியாதபடி ஜெபிக்க வேண்டும். வாயாடி கையைக் கூப்பினாள். "ஆண்டவரே, ஏதோ ஒரு ஊருல ஏதோ ஒரு வீட்டுல ஏதோ ஒரு ஆளுக்கு ஏதோ ஒண்ணு. அத எப்படியாவது செய்யும். ஆமென்."

"போடி சவமே, இது ஆண்டவருக்கே வெளங்காது" என்று ஆட்டுக்காரி அவளை அடித்தாள்.

சிரித்து ஓய்ந்த பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார். "ஏன் நானே எல்லாருக்கும் சொல்லணும்? அவியளே சொல்லட்டுமே. நான் செத்த நேரம் சும்மா இருக்கேன். அவியவிய மனசுல உள்ளத அவியவிய சொல்லட்டும்."

இது என் பாடத்தில் இல்லாதது. எல்லா வேலைக்கும் தானே எழுந்து ஓடுகிற அக்கா, ஜெபத்தையே பங்கிடப் பார்த்தார். ஆனால் பங்கிட ஆட்கள் வேண்டுமே. பெரிய முற்றத்து வீட்டு வாசல் திறக்காமல் மற்ற வாசல்கள் திறக்கா.

"அந்த வீட்டுக்குப் போணும் அக்கா" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. எத்தனையோ வீடுகளுக்கு ஆறுதல் சொல்லப் போனவர். மன்னிப்புக் கேட்க ஒரு வீட்டுக்கும் போனதில்லை. நான் கூட வருகிறேன் என்றதும் சம்மதித்தார். அந்த வீட்டு நடைக்கு வந்ததும் நின்றார்.

"நீ இங்க நில்லு மக்கா. நான்தான் சொன்னேன், நான்தான் போணும்."

குடையை விரித்துக்கொண்டு வைக்கோற்போர் பக்கம் நின்றேன். அக்கா சொன்னது காதில் விழவில்லை. வீட்டம்மா சொன்னது தெருவுக்கே கேட்டது.

"பழஞ்சோறு குடுத்தேன்னு சொன்னியே! எனக்க மாமியா எனக்கு அதுவும் தரல்ல, தெரியுமா? கேக்க வந்தியா நீ? எனக்காவ எந்தக் கெணத்தடியில யாரு ஜெபம்பண்ணுனா?"

பிறகு குரல்கள் தணிந்துவிட்டன. நிற்க நிற்க எனக்குக் கால் வலித்தது. மூக்கு உறிஞ்சும் சத்தம் ஒன்று கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. அப்புறம் கருப்பட்டி காய்கிற மணம் வந்தது.

"குடைக்காரிய எதுக்கு வெயில்ல நிறுத்தியிருக்க? உள்ள விளி" என்றது வீட்டம்மாவின் குரல்.

காப்பி கொடுத்துக்கொண்டே கண்டிப்பாகச் சொன்னார். "ஜெபம் இங்கேயே வைக்கலாம். ஆனா எனக்க காரியம் ஒண்ணும் உனக்க வாயில வரப்பிடாது. நல்லதும் வரப்பிடாது."

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரக் கூட்டம் அங்கேயே நடந்தது. ஐயா சைக்கிளில் வந்தார். பின்னாலேயே கொப்பரை வியாபாரியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தார். ஊர் முழுவதும் வந்திருந்தது, பாதிப் பேர் வேடிக்கை பார்க்க. அக்கா ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. நடு வலிக்காரி பாடினாள். ஆட்டுக்காரி காணிக்கைப் பிடியரிசியை வாங்கினாள். ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. அக்காவின் கை தன்னால் நீண்டது, பிறகு மடிக்குத் திரும்பியது. பிள்ளையின் அம்மாவே தூக்கிக்கொண்டாள்.

"மனசுல உள்ளத அவியவிய ஆண்டவர்கிட்ட சொல்லுங்க. உரக்கச் சொல்லணும்னு இல்ல" என்று சொல்லிவிட்டு அக்கா கண்ணை மூடினார்.

தென்னோலை அசைவது கேட்டது. கொப்பரை வியாபாரி தொண்டையைச் செருமினார். இனி யாராவது சிரித்துவிடுவார்களோ என்று நான் என் விரலை நெரித்துக்கொண்டிருந்தபோது ஒரு குரல் எழுந்தது. வீட்டம்மாவின் குரல்.

"ஆண்டவரே, எனக்க மருமவ முழுகாம இருக்கா. வாந்தியா எடுக்கா. ஒண்ணும் செல்லல்ல. பச்ச மீனு மணம் அடிச்சாலே ஓடுகா. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

முதலில் சிரித்தது மருமகள்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தோம், வீட்டம்மாவும். அந்தச் சிரிப்போடு ஒவ்வொரு குரலாக வந்தது. சிலர் உரக்க, சிலர் உதட்டுக்குள். ஆமென் ஊருக்கே கேட்டது. காப்பி இரண்டு தடவை வந்தது.

ஆலயத்தைப் பூட்ட வேண்டாம், அக்காவே தொடர்ந்து நடத்தட்டும் என்று ஐயா அங்கேயே சொல்லிவிட்டார். கொப்பரை வியாபாரியை எல்லாரும் பார்த்தார்கள்.

"ம்... காப்பி கொள்ளாம், நல்ல ருசி" என்றார்.

சைக்கிள் போன பிறகு அவர் மட்டும் தயங்கி நின்று, அக்காவிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். மறுநாள் அக்கா ஆற்றைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போனார். வெகு நேரம் கழித்துத்தான் திரும்பினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன காரியமாம் அக்கா?"

"அது உனக்கு என்னத்துக்கு டீச்சரே?" என்றார், ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்த ஒரு பதிலுக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன்.

இப்போது பிலாமரத்தடிச் சனிக்கிழமைகளை அக்காவே நடத்துகிறார். புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில், பெரிய சபைக்கும் அப்பால், இன்னொரு ஓலை ஆலயம் உபதேசியார் இல்லாமல் கிடக்கிறது. போன சனிக்கிழமை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றைத் தாண்டினேன். அங்கே ஒரு மாமரம் இருக்கிறது. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, சுள்ளிக் கட்டோடு ஒருத்தி, சும்மா எட்டிப் பார்க்க வந்த ஒருத்தி, மூன்று பேரையும் உட்காரவைத்து முதல் பாடம் நடத்திவிட்டுத்தான் திரும்பினேன்.